மகளை அணு உலை வேலைக்கு அனுப்பியது

அன்று காலை ஏற்காடு மின்சார ஆபீஸ் ஃபோன் அடித்தபோது, என் மடியில் மகளுடைய வேலைக் கடிதம் விரிந்து கிடந்தது. அதை நாலாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். பனி ஜன்னல் கம்பி வரைக்கும் வந்திருந்தது. எதிரே நிற்கும் சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை.

ஃபோனை எடுத்தேன். மாரமங்கலத்திலிருந்து என் நாத்தனார் பாப்பாத்தி.

"வசந்தா, கரண்ட் எப்ப வரும்?"

"தெரியலைங்க அண்ணி. மேல இருந்தே நிறுத்திட்டாங்க."

"மேலன்னா எங்க? மலைக்கு மேல நாமதான இருக்கறோம்."

நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அவள் வீட்டில் முந்தின நாள் பறித்த காப்பிப் பழம் களத்தில் குவிந்து கிடந்தது. பழத்தை அன்றன்றைக்கே மிஷினில் போட்டுத் தோல் நீக்க வேண்டும். நாள் கடந்தால் புளித்துவிடும்.

"வாசம் இப்பவே மாறிப்போச்சு வசந்தா. ஈ மொய்க்குது. எதுக்குத்தான் நிறுத்துனாங்களாம்?"

காலையில் ஆபீசில் பேசிக்கொண்டதை அப்படியே சொன்னேன். "கடலோரத்துல அணு மின் நிலையம் இருக்குதில்லைங்க, அதுல ஒரு மிஷினை ரிப்பேர் வேலை பாக்கறதுக்காக நிறுத்தியிருக்காங்களாம். அதனால பத்தாக்குறை. எல்லா ஊருக்கும் பிரிச்சுப் பிரிச்சு வெட்டறாங்க."

அந்தப் பக்கம் அவள் ஈயை விரட்டுவது கேட்டது.

"அது ஓடுனாலும் பயம்ங்கறாங்க. நின்னாலும் நம்ம பழந்தான் புளிக்குது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

என் மடியில் இருந்த கடிதம் அந்த நிலையத்திலிருந்துதான் வந்திருந்தது. என் மகள் சுகந்தியைப் பயிற்சி டெக்னீஷியனாக எடுத்திருந்தார்கள். அதை அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் அவ்வளவு நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஃபோனுக்குப் பக்கத்து நாற்காலி

அவை கரண்ட் இல்லாத வருஷங்கள். அந்தச் சமயத்தில் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாவு அரைப்பதும் தண்ணீர் இறைப்பதும் பிள்ளைகள் படிப்பதும் எல்லாமே கரண்ட் வரும் நேரத்தைப் பார்த்துத்தான் நடந்தன.

ஏற்காட்டில் மின்சார ஆபீசில் ஃபோனுக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. மஞ்சக்குட்டையிலிருந்தும் நாகலூரிலிருந்தும் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர்கள் கூப்பிடுவார்கள். லாட்ஜுக்காரர்கள் கூப்பிடுவார்கள். கேள்வி ஒன்றுதான். சிலர் கெஞ்சுவார்கள், சிலர் திட்டுவார்கள். ஒரு பெரியவர் தினமும் கூப்பிட்டு, "சும்மாதாங்க கேட்டேன்" என்று வைத்துவிடுவார்.

எனக்கு மின்சாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நாகலூரில் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து, பத்தாவது வரை படித்தவள். ஆனால் மின்சார ஆபீசில் உட்கார்ந்திருப்பதால் எனக்குத் தெரியும் என்று எல்லோரும் நினைத்தார்கள். கொஞ்ச நாளில் நானே அப்படி நினைக்க ஆரம்பித்திருந்தேன்.

ஒருநாள் எங்கள் உதவிப் பொறியாளரிடம் கேட்டேன். "ஏனுங்க சார், இத்தனை கரண்டை எங்க சேத்து வெச்சிருப்பாங்க?"

"சேத்தெல்லாம் வெக்க முடியாதும்மா. நீங்க சுவிட்சைப் போடற அந்த நொடியில எங்கியோ அதை உண்டாக்கிக்கிட்டு இருக்கணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

அந்தப் பதில் என்னை என்னவோ செய்துவிட்டது. அதன் பிறகு வீட்டில் விளக்கைப் போடும்போதெல்லாம், முகம் தெரியாத யாரோ எனக்காக எங்கோ கரி அள்ளிப் போடுவதாகவும், எங்கோ மதகு திறப்பதாகவும் தோன்றும். இருபது வாட் பல்புக்கு இத்தனை பேரா என்று கூச்சமாக இருக்கும்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரைப் படித்துவரும் ஓர் ஆசிரியர் கடிதம் எழுதியிருக்கிறார். இத்தனை வருஷம் மின்சார ஆபீசில் இருந்த நான், அணு மின்சாரம் நாட்டுக்கு வேண்டுமா வேண்டாமா என்று நேராகச் சொல்ல வேண்டுமாம். ஐயா, என்னால் முடியவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நீங்களாவது அதிலிருந்து ஏதாவது புரிந்துகொள்ள முடிகிறதா பாருங்கள்.

நிறுத்திய லைன்

அந்த நாற்காலி எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என் வீட்டுக்காரர் செல்வராசு லைன்மேன். பாப்பாத்தி அண்ணிக்குத் தம்பி. மலையில் லைன்மேன் வேலை என்பது பாதி மரம் வெட்டும் வேலை. காற்றடித்தால் கிளை ஒடிந்து கம்பிமேல் விழும். அதை எடுக்க வேண்டும், அறுந்த கம்பியை இழுத்துக் கட்ட வேண்டும்.

மழை ஓய்ந்திருந்த ஒரு மத்தியானம் மஞ்சக்குட்டைப் பக்கம் அப்படி ஒரு வேலை. லைனை நிறுத்திவிட்டு, நிறுத்தியதை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் அவர் கம்பத்தில் ஏறினார். கீழே நின்றவர் அதை என்னிடம் சத்தியம் செய்து சொன்னார்.

நிறுத்திய லைனில் கரண்ட் வந்தது.

பக்கத்தில் ஒரு பங்களாவில், கரண்ட் போய்விட்டதே என்று ஜெனரேட்டரை ஓட்டியிருக்கிறார்கள். வீட்டையும் லைனையும் பிரிக்கும் சுவிட்ச் அங்கே இல்லை. ஜெனரேட்டர் கரண்ட் வீட்டுக்குள் ஓடியதோடு நிற்காமல் வெளியே வந்து, டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி, பெரிய கரண்டாகி, அவர் கை வைத்திருந்த கம்பிக்கு வந்துவிட்டது. அந்த மாதிரி வந்தால் மண்ணுக்கு இறக்கிவிடுவதற்கென்று ஒரு கம்பிக்கட்டு உண்டு. அன்றைக்கு அது வேறொரு வேலைக்குப் போயிருந்தது.

இதெல்லாம் எனக்குப் பிறகு சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, அவருடைய செருப்பு கம்பத்தடியில் ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தது என்பது மட்டும்தான்.

சுகந்திக்கு அப்போது ஏழு வயது. எனக்கு அவர் வேலைக்குப் பதிலாக ஆபீஸ் வேலை கொடுத்தார்கள். கரண்டால் தாலியை இழந்தவள் கரண்டிலேயே சோறு தின்கிறாள் என்று ஊரில் பேச்சு. தப்பில்லை. உண்மைதான்.

அதே கரண்டைப் படிக்கிறேன் என்று சுகந்தி பிடிவாதம் பிடித்தபோது நான் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. சேலத்தில் டிப்ளமா சேர்ந்தாள். "அப்பா எப்படிச் செத்தார்ங்கறது எனக்குச் சரியாப் புரியணும்மா" என்றாள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்.

மாரமங்கலத்தில்

சுகந்தி பிறந்த வருஷத்திலிருந்தே அவள் முருகேசனுக்கு என்று பேச்சு. முருகேசன் பாப்பாத்தி அண்ணியின் ஒரே மகன். இரண்டு ஏக்கர் காப்பியும், மரத்தில் ஏற்றிய மிளகும் இருந்தது. அதிகம் பேசமாட்டான். பேசினால் அதில் ஒரு கேள்வி இருக்கும்.

பழம் புளித்துப் போன அந்த வார ஞாயிற்றுக்கிழமை நானும் சுகந்தியும் பஸ் ஏறி அண்ணி வீட்டுக்குப் போனோம். களத்து ஓரத்தில் கெட்ட பழத்தைத் தள்ளியிருந்தார்கள். சாராய வாசனை அடித்தது. அண்ணியின் வீட்டுக்காரர் எங்களைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அவர் சுபாவம் அப்படி.

கடிதத்தைப் பற்றிச் சொன்னதும் அண்ணி அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"அணு குண்டு செய்யற எடமா?"

"இல்லைங்க அத்தை. கரண்ட் செய்யற எடம்" என்றாள் சுகந்தி.

"டிவில காட்டறாங்க, சனமெல்லாம் கடற்கரையில உக்காந்து வேண்டாங்குது. நீ போயி வேணுங்கறயா?"

"நான் வேணும் வேண்டாம்னு எதுவும் சொல்லலைங்க. வேலை குடுத்திருக்காங்க, போறேன்னு சொல்றேன்."

"அங்க வேலை பாக்கறவிங்களுக்குப் புள்ளை சரியாப் பொறக்காதுங்கறாங்களே. கை காலு இல்லாம." அண்ணி என்னைப் பார்த்தாள். "வசந்தா, நீ ஆபீசுல இருக்கறவ. நீ சொல்லு. நெசமா, பொய்யா?"

அண்ணி, சுகந்தி, வாசற்படியில் நின்ற முருகேசன் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் சுகந்திக்கு எதிராகச் சொன்ன மாதிரி ஆகிவிடும். பொய் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி.

முருகேசன்தான் வாயைத் திறந்தான். "போயிப் பாத்துட்டு வந்தரலாமுங்க அத்தை."

"என்னத்தைப் பாக்கறது?" என்றாள் அண்ணி.

"எப்படி இருக்குதுன்னு."

வெந்நீர்

நாலு பேரும் சேலம் இறங்கி, பஸ் மாறி மாறிக் கடலோரம் போய்ச் சேர்ந்தோம். மலையைவிட்டு இறங்கினால் எனக்கு எப்போதும் காது அடைக்கும். அங்கே போன பிறகும் அடைத்தே இருந்தது. எல்லோரும் தூரத்திலிருந்து பேசுவதுபோல் கேட்டது.

தூரத்தில் இரண்டு பெரிய உருண்டைக் கூரைகள் தெரிந்தன. கவிழ்த்து வைத்த பானை மாதிரி. சத்தமில்லை, புகையில்லை. அதுதான் அண்ணிக்குப் பிடிக்கவில்லை. "பொகை வந்தாலாவது என்ன நடக்குதுன்னு தெரியும்" என்றாள்.

உள்ளே விடமாட்டார்கள். வெளியே, வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல ஒரு கூடம் வைத்திருந்தார்கள். இளவயது அதிகாரி ஒருவர் மாதிரிப் பொம்மைகளைக் காட்டி விளக்கினார். நல்ல மனிதர். அண்ணிக்கு நாற்காலி போட்டார்.

"ஒண்ணுமில்லம்மா. தண்ணியைக் கொதிக்க வெக்கிறோம். ஆவி வருது. ஆவி சக்கரத்தைச் சுத்துது. சக்கரம் சுத்துனா கரண்ட். நிலக்கரில செய்யறதும் இதேதான். அங்க கரியில சூடு, இங்க அணுவை உடைச்சு அதுல வர்ற சூடு."

அண்ணி கொஞ்சம் யோசித்தாள். "வெந்நி வெக்கறதுக்கா இத்தனை பெரிய கட்டடம்?"

அவர் சிரித்தார். "ஆமாங்கம்மா."

"நம்ம நாட்டுக் கரண்ட்டெல்லாம் இதுலதான் வருதுங்களா?"

"இல்லைங்கம்மா. இது சின்னப் பங்குதான். பெரும்பாலும் நிலக்கரிதான். அப்புறம் தண்ணி, காத்து, வெயில். ஆனா காத்து நின்னுரும், வெயில் சாயங்காலம் போயிரும். இது ராத்திரி பகல் ஓடும். கரி மாதிரி புகையும் வராது."

"எங்க ஊட்டுக்கு வர்றது இதுலயா, கரிலயா?"

"எல்லாம் ஒரே லைன்ல கலந்துரும். பிரிக்க முடியாதுங்கம்மா."

பிரிக்க முடியாது என்றதும் அண்ணியின் முகம் மாறியது. வேண்டாம் என்று சொன்னாலும் தன் வீட்டுக்குள் அது ஏற்கெனவே வந்துகொண்டிருந்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எனக்கும்தான்.

பிறகு அவர் கையடக்கமான ஒரு கருவியை எடுத்து இயக்கினார். டிக், டிக் என்று மெதுவாக, ஒழுங்கில்லாமல் சத்தம் போட்டது. அண்ணி எழுந்து நின்றுவிட்டாள்.

"பயப்படாதீங்க. கதிர்வீச்சை அளக்கறது. எங்க வெச்சாலும் கொஞ்சம் கத்தும். மண்ணுல இருக்கு, பாறையில இருக்கு, நம்ம உடம்புலயே கொஞ்சம் இருக்கு."

"எங்க மலையிலயுமா?"

"இருக்குங்கம்மா. எல்லா எடத்துலயும் இருக்கு. அந்த அளவு இருந்தா ஒண்ணும் பண்ணாது."

பயத்தைப் போக்குவதற்காகத்தான் அவர் சொன்னார். ஆனால் ஊர் திரும்பிய பிறகு அண்ணி ஒரு மாசம் வரைக்கும் ஆட்டுக்கல்லைக்கூடச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று முருகேசன் பிறகு சொன்னான்.

அதுவரை பேசாமல் நின்றிருந்த முருகேசன் கேட்டான். "ஏனுங்க, கரியை எரிச்சா சாம்பல் மிஞ்சும். இதுல என்ன மிஞ்சும்?"

அவர் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொன்னார். எரிபொருள் தீர்ந்த பிறகு அதைத் தண்ணீர்த் தொட்டியில் வருஷக்கணக்கில் ஆற வைப்பார்களாம். அதிலிருந்து திரும்ப உபயோகப்படுவதைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தைக் கண்ணாடியோடு உருக்கிப் பத்திரப்படுத்துவார்களாம்.

"எத்தனை நாளைக்குங்க?"

"ரொம்ப காலங்க."

"என்ற பேரன் காலத்துக்குமா?"

"அதுக்கும் மேலயே."

முருகேசன் தலையாட்டினான். அவர் எதையும் மறைக்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் தைரியமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வரும் என்று கேட்காதீர்கள். வந்தது.

வறுத்த மீன்

வெளியே ரோட்டோரத்தில் ஒரு மீனவப் பெண் கல் அடுப்பில் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். மிளகாய்த்தூள் வாசனையில் சுகந்திக்குப் பசி வந்துவிட்டது. நாலு துண்டு வாங்கினாள்.

"கடல்ல பிடிச்சதா?" என்று அண்ணி அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"கடல்லதாம்மா. வேற எங்க பிடிக்கிறது?"

"இதுக்குப் பக்கத்துலயே கடலு. மீனுக்கு ஒண்ணும் ஆகாதா?"

அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். "எங்க வீட்டுக்காரரைக் கேட்டா ஆகும்பாரு. சுடுதண்ணி கடல்ல வந்து சேருது, மீனு தள்ளிப் போயிருச்சின்னு சொல்லுவாரு. கூட்டம் போட்டு வேணாம்னு உக்காந்தவங்கள்ல அவரும் ஒருத்தரு. எம்மவனைக் கேட்டா ஒண்ணும் ஆகாதும்பான். அவன் உள்ளதான் காண்ட்ராக்டுல வேலை பாக்குறான்."

"ஒரே ஊட்டுலயா?"

"ஒரே வீட்டுலதான். எதிரெதிரா உக்காந்து சாப்பிடுவாங்க. இதைப் பத்திப் பேசிக்க மாட்டாங்க."

"நீ என்ன சொல்றே?"

"நான் மீனு வறுக்கிறேம்மா."

சுகந்தி ஒரு துண்டைத் தின்றுவிட்டு அடுத்ததை எடுத்தாள். முருகேசன் தன்னுடையதை முள் பார்த்துப் பொறுமையாகத் தின்றான். அண்ணி தொடவில்லை. என் கையில் ஒரு துண்டு சூடாக இருந்தது. அண்ணியைப் பார்த்தேன், மகளைப் பார்த்தேன். சூடு ஆறும் வரை வைத்திருந்துவிட்டு வாயில் போட்டேன். மீன் மீனாகத்தான் இருந்தது. அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது.

பஸ் ஸ்டாண்டில்

திரும்பும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது அண்ணி பேச்சை எடுத்தாள். கோபமாகப் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"வசந்தா, எந்தம்பி போனதுக்கப்புறம் இந்தப் புள்ளையை நானும் என்ற புள்ளையாத்தான் பாத்தேன். இவ இங்க வேலைக்கு வந்தா நான் சம்பந்தம் பண்ண மாட்டேன். எனக்கு இருக்கறது ஒரே பையன். நாளைக்கு ஒரு கொழந்தை ஒரு மாதிரிப் பொறந்துட்டா, இதனாலதானோன்னு நெனச்சு நெனச்சே நான் செத்துருவேன்."

"இதனால ஆகாதுன்னு அவர் சொன்னாருல்லைங்க அத்தை" என்றாள் சுகந்தி.

"நிறுத்துன லைன்ல கரண்ட் வராதுன்னுந்தான் சொன்னாங்க."

சுகந்திக்கு முகம் செத்துவிட்டது. என் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீ சொல்லு. போகட்டுமா, வேண்டாமா?"

இந்த இடத்தைப் பல வருஷம் மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம். போ என்று சொல்லியிருக்கலாம். அவளைத் தடுத்திருக்கலாம். ஆயிரம் பேருக்கு, கரண்ட் எப்போது வரும் என்று ஏதாவது ஒரு நேரத்தைச் சொல்லிப் பழகிய வாய் அது.

"எனக்குத் தெரியல கண்ணு" என்றேன்.

"தெரியலைன்னு சொல்றதுக்கா இத்தனை தூரம் வந்தே?"

பஸ் வந்தது. அவள் முன்னால் போய் ஏறி, தனியாக உட்கார்ந்துகொண்டாள். சேலம் வரும் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. பதினைந்து நாள் கழித்து ஒரு பெட்டியோடு வேலைக்குப் போனாள். நான் சேலம் வரை கூடப் போனேன். ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். பிடித்தேன். பஸ் நகரும் வரை விடவில்லை.

பேட்ஜ்

சம்பந்தம் முறிந்தது. அண்ணி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். கரண்ட் போனால்கூட ஃபோன் செய்வதில்லை. முருகேசனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள். இரண்டு மூன்று இடம். ஒன்றும் அமையவில்லை.

ஒருநாள் அவன் எங்கள் ஆபீசுக்கு வந்தான். வோல்டேஜ் குறைவாக இருப்பதாக மனு எழுதிக் கொடுத்தான். கொடுத்த பிறகும் போகாமல் நின்றான்.

"என்ன சாமி?"

"சுகந்தி நல்லா இருக்குதுங்களா அத்தை?"

"இருக்குது."

"நான் போன மாசம் போயிப் பாத்தேனுங்க. உங்ககிட்டச் சொல்லலைன்னு தப்பா நெனைக்காதீங்க."

போன மாசம் மட்டுமில்லை, அதற்கு முன்னாலும் போயிருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. அம்மாவிடம் என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சுகந்திக்கும் அவனுக்கும் நடந்த கல்யாணத்துக்கு அண்ணி வந்தாள், எல்லா வேலையும் இழுத்துப்போட்டுச் செய்தாள், சிரிக்கவில்லை.

அவன் மலையைவிட்டுப் போக முடியாது. அவள் வேலையை விடவில்லை. லீவுக்கு லீவு அவள் வருவாள். பழப் பறிப்பு முடிந்தால் அவன் போவான். இப்படி ஒரு குடித்தனமா என்று ஊரில் பேசினார்கள். நானும் மனசுக்குள் பேசினேன்.

சுகந்தி கர்ப்பமானதும், அங்கே அவளை உள்வேலையிலிருந்து மாற்றி மேஜை வேலையில் போட்டார்கள். அங்கே அதுதான் விதியாம். எனக்கு மறுபடி குழப்பம்.

"ஆபத்து இல்லைன்னா எதுக்குடி மாத்தறாங்க?"

"ஜாக்கிரதைக்கும்மா." அவள் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன பேட்ஜ் ஒன்றை என் கையில் கொடுத்தாள். ஒரு தீப்பெட்டி கனம்கூட இல்லை. "எம்மேல கதிர்வீச்சு எத்தனை பட்டிருக்குன்னு இதுல பாத்து மாசாமாசம் எழுதி வெக்கிறாங்க. ஒரு அளவு இருக்குது. அதைத் தாண்ட விடமாட்டாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அப்பா கம்பத்துல ஏறுனப்ப, அவர்மேல என்ன வந்துரும்னு யாரும்மா எழுதி வெச்சாங்க?"

நான் பேட்ஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லோரும் பயப்படுகிற இடத்தில் அத்தனை ஜாக்கிரதை. யாரும் பயப்படாத கம்பத்தில் ஒரு ஜாக்கிரதையும் இல்லை. அப்படியென்றால் எது ஆபத்தான வேலை? இதை அவளிடம் கேட்கவில்லை. என்னிடமே கேட்டுக்கொண்டேன். பேட்ஜை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

சேலம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. நான் வெந்நீர் வாங்கப் போய்விட்டு வந்தபோது, அண்ணி தொட்டில் துணியை விலக்கி, குழந்தையின் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று துணியை மூடினாள். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். காலையிலேயே நானும் எண்ணியிருந்தேன், இரண்டு தடவை.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதற்காக அண்ணியின் பயம் பொய் என்று ஆகிவிடுமா, அதிகாரி சொன்னது உண்மை என்று ஆகிவிடுமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஒரு கேன் தண்ணீர்

குழந்தை மாரமங்கலத்தில் வளர்ந்தது. அண்ணிதான் வளர்த்தாள். சுகந்தி மறுபடி வேலைக்குப் போனாள்.

இடையில் அண்ணி வீட்டுக் கூரையில் சோலார் தகடு வைத்தார்கள். "இதுல ஒரு பயமும் இல்லை பாரு, வெறும் வெயிலு" என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தாள். லீவில் வந்த சுகந்தி, சூரியனில் நடப்பதும் ஒருவிதமான அணு வேலைதான் அத்தை, நாங்கள் அணுவை உடைக்கிறோம், சூரியன் அணுவைச் சேர்க்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்லிவிட்டாள். அண்ணி ரொம்ப நேரம் வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். கரண்ட் முன்போல் போவதில்லை. பேப்பரில் இன்னும் நிறைய அணு உலைகள் கட்டப்போவதாகப் போடுகிறார்கள். கரிப்புகையால் பூமி சுடுகிறது, அதனால் இதுதான் வழி என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. அடுத்த பக்கத்தில் வேண்டவே வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டையும் படிக்கிறேன். இரண்டு பேரும் சரியாகத்தான் எழுதுகிறார்கள்.

இந்த வருஷம் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அங்கே நிலையத்துக் குடியிருப்பிலேயே நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது, குழந்தையும் என்னோடு இருக்கட்டும் என்றாள் சுகந்தி. முருகேசன் சரி என்றான். ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவள் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போவாள் என்ற கேள்வி வந்தது. நான் போகலாம் என்று வாயெடுத்தேன்.

"உனக்கு முட்டி வலி. மாடி ஏற மாட்டே" என்றாள் அண்ணி. "நான் போறேன்."

நான் அவளையே பார்த்தேன்.

"என்ன பாக்கறே? புள்ளை அங்க இருக்கறப்ப நான் இங்க உக்காந்துக்கிட்டு என்ன பண்றது?"

போன திங்கட்கிழமை அவர்களை வழியனுப்ப ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். முருகேசன் மூட்டைகளைப் பஸ்ஸுக்குள் அடுக்கினான். மிளகு ஒரு பொட்டலம், ராகி மாவு, குழந்தையின் பை. கடைசியாக அண்ணி கையிலேயே வைத்திருந்த ஒரு வெள்ளைக் கேன். மூடியைத் துணி போட்டு இறுக்கியிருந்தாள்.

"இது என்னங்க அண்ணி?"

"நம்ம ஊத்துத் தண்ணி. புள்ளைக்கு."

"இது எத்தனை நாளைக்கு வரும்?"

"ஒரு வாரம் வரும்."

"அப்புறம்?"

அண்ணி குழந்தையைத் தூக்கி ஜன்னல் சீட்டில் உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்து, கேனை இரண்டு காலுக்கும் நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

"அப்புறம் என்ன, அங்கத்த தண்ணிதான்" என்றாள். "ரெண்டு பேரும் அதையே குடிப்போம்."